சபையில் சுகமானவன்

ஜூன் 3, செவ்வாய்

விடாத மழை. வண்டியை 'எச்' வடிவில் ஓட்டிப் பழகும் மைதானம் முழுக்கச் சேறு. வகுப்பு இல்லை. நெய்யாற்றின்கரைக்கு ரயிலில் போய் வந்தேன்; பஸ் என்றால் பாலம் கடக்க வேண்டும்.

இதை எழுதச் சொன்னது அங்குள்ள மனநல கவுன்சிலர், ஒரு இளம்பெண். மனதில் ஓடுவதை அன்றன்றைக்கு எழுத வேண்டுமாம், யாருக்கும் காட்ட வேண்டாமாம். கேட்க ஆள் இருந்தால் அல்லவா காட்டுவதற்கு.

டிரைவிங் ஸ்கூல் ஆசான் நான். பாறசாலையில் பாதிப் பேர் என்னிடம் ஓட்டப் படித்தவர்கள். அந்த ஆசானுக்கு அமரவிளைப் பாலம் என்றால் கை நடுக்கம். மார்ச்சில் ஒரு டீச்சர் ஓட்டிக்கொண்டிருந்தார். நடுப்பாலத்தில் எனக்கு நெஞ்சு அடைத்தது, செத்தேன் என்றே நினைத்தேன். ஆசான் காலுக்கென்று இருக்கும் இரண்டாவது பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டேன். பின்னால் வந்த லாரி மயிரிழையில் நின்றது. டீச்சர் இறங்கி பஸ்ஸில் வீட்டுக்குப் போனார். இதயத்தில் ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஆபீஸில் உட்கார்ந்து லேனர்ஸ் லைசென்ஸ் விண்ணப்பம் நிரப்புகிறேன். ஓணம் வரை பொறுப்பாராம் முதலாளி. அதற்குப் பிறகு என் இடத்தில் வேறு ஆள்.

இதுவரை கவுன்சிலரிடம் மலையாளத்தில்தான் பேசினேன். தடங்கல் இல்லாமல் வரும். ஆனால் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரனுக்கு நடந்ததுபோல. இன்று அந்தப் பெண் கேட்டார், "சேட்டா, உள்ளில் கேட்கும் சத்தம் ஏது பாஷை?" தமிழ் என்றேன். "எங்கில் தமிழில் பறஞ்ஞோளூ." தமிழிலேயே சொல்லலாமாம்.

சொன்னேன். அப்பாவின் குரல். "எலே, நீ ஒண்ணுக்கும் கொள்ளமாட்ட." அந்த மனிதர் செத்து எத்தனை வருஷம், இன்னும் வாய் ஓயவில்லை. அழுதுவிட்டேன். சே. புரியாத வார்த்தை வந்தபோதெல்லாம் கவுன்சிலர் நிறுத்திக் கேட்டார். புரிந்ததாகத் தலையாட்டவில்லை. அது பிடித்தது.

வெளியே பெஞ்சில் பிரின்ஸி. எங்கள் சபை ஞானபாயின் மகள், நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அறைக்குள்ளேயே கிடப்பவள். இருவரும் பார்த்தோம். பிறகு அவரவர் குடையைப் பார்த்தோம்.

ஜூன் 6, வெள்ளி

எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். என்னைக் கேட்கவில்லை. கிரேஸ் அக்காவும் ஷீலாவும் பேசி முடிவு செய்தது. உடன்பிறந்த அக்கா, பெண்டாட்டி. நடுவில் நான் ஜெபக்குறிப்பு.

"எனக்க தம்பி ஸ்டீபனைப் பிடிச்சிருக்க பயத்தின் ஆவி, இப்பமே அந்தப் பாலத்தை விட்டு ஓடட்டும்." நெடுஞ்சாலைக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். நான் குளியலறையில் நின்று கேட்டேன். ஏத்தன்பழ அப்பம் வந்த பிறகு வெளியே வந்தேன். எல்லோரும் என்னைப் பிரசவித்த பசுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

அக்கா பொருத்தனை செய்திருக்கிறாளாம். நான் பாலம் கடந்துவிட்டால் என்னைச் சபையில் நிறுத்தி சாட்சி சொல்ல வைப்பதாக. கர்த்தரிடம் ஒப்பந்தம் அவள் போடுவாள், வாய் என்னுடையது.

ஜூன் 12, வியாழன்

கடந்தேன்.

கவுன்சிலர் சொன்ன வழிதான். முதலில் நடந்து. பிறகு பஸ்ஸில், சன்னலோரம். பயம் வந்தால் இறங்கி ஓடக்கூடாது, வரட்டும், தானே தணியும். தணியாது என்று சண்டை போட்டேன். "சரி, தணியாவிட்டால் என்னைத் திட்டுங்கள்" என்றார். திட்டத் தயாராகத்தான் போனேன். தணிந்தது.

இன்று ஸ்டீயரிங் என் கையில். பக்கத்தில் சக ஆசான் ஷிபு, இரண்டாவது பிரேக்கில் அவன் கால். வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது. அக்கரையில் ஓரம் கட்டினேன். ஷிபு: "கொள்ளாம் ஆசானே. டெஸ்டுக்கு வந்தா பாஸ் ஆயிருப்பிய."

சிரித்தேன். எவ்வளவு நாள் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து ஷீலாவிடம் சொன்னேன். புத்தி கெட்டவன். நான் சட்டையைக் கழற்றுவதற்குள் அக்காவுக்கு போன் போய்விட்டது.

ஜூன் 14, சனி

காலையிலேயே அக்கா.

"நாளைக்கு ஆராதனையில சாட்சி. பாஸ்டர் அய்யருகிட்ட சொல்லியாச்சு."

"அக்கா, நான் நெய்யாற்றின்கரைக்குப் போயிட்டுல்லா..."

"எலே, அந்தப் பிள்ளை மருந்து தந்துதா?"

"இல்ல."

"ஊசி?"

"இல்ல."

"பின்னே? வெறும் பேச்சு. பேசினா ஆருக்காவது சீக்கு மாறுமா? அப்படின்னா ஓயாம பேசின நம்ம அம்மைக்கு ஒரு சீக்கும் வந்திருக்காதே. மூணு மாசமா வெள்ளிக்கிழமை பச்சத்தண்ணி குடிக்காம கெடக்கேன் ஆக்கும், உனக்காக."

கிடந்தது உண்மை. கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. அதுதான் என் தொல்லை. ஊருக்காக வேஷம் போடுகிறவளாக இருந்தால் போடி என்றிருப்பேன். அவள் நிஜமாகவே பட்டினி கிடந்தாள். எனக்காக அப்படிக் கிடக்க வேறு யார் இருக்கிறார்கள்?

ஷீலா அடுக்களையிலிருந்து: "சபையில தலை நிமிந்து நடக்க ஒரு நாளாவது வேணும். அதையாவது தாருங்க."

ஜூன் 15, ஞாயிறு

சொன்னேன். பீடத்துக்கு முன்னால் நின்று, மைக்கைப் பிடித்து. ஜெபத்தால் மட்டுமே சுகமானேன், வேறு எந்த உதவியும் இல்லை என்று. 'வேறு எந்த உதவியும் இல்லை' என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. நானே சேர்த்தது. கூட்டம் பார்த்தால் வாய் நீளும் போலிருக்கிறது.

ஆமென், ஆமென். அக்கா அழுதாள். கை கொடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மார்ச் மாதத்திலிருந்து என் வீடு எந்தப் பக்கம் என்று தெரியாது.

பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் பிரின்ஸி. இன்று அவளிடம் குடை இல்லை. நேராக என்னைப் பார்த்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

போகவில்லை. பஸ் ஸ்டாப் ஆலயத்துக்கு நேர் எதிரே. மணி அடிக்கும் கோயில்பிள்ளை அங்கேதான் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். ஷீலா: "சாட்சி சொல்லியிட்டு இனி அங்கோட்டு போனா அது கர்த்தரை நாணங்கெடுத்தது போலல்லா? ஆளுக என்ன பேசுவாங்க?" சுகமானவன் சுகமாகவே இருக்க வேண்டும். அது இனிமேல் என் வேலை.

கவுன்சிலரிடமிருந்து செய்தி. வரவில்லையே, நலமா என்று. பதில் போடவில்லை. என்ன போட? சபையில் குணமாகிவிட்டேன் என்றா?

ஜூன் 20, வெள்ளி

பாலத்துக்கு முன்னாலேயே வண்டியைத் திருப்பினேன். மழையால் பள்ளம் என்று ஷிபுவிடம் புளுகினேன். உள்ளே அப்பாவின் குரலுக்குத்தான் கொண்டாட்டம், நாள் முழுக்க எலே, எலே.

ராத்திரிச் சோற்றுக்கு ஷீலா ஒரு செய்தி பரிமாறினாள். ஞானபாய் மகளை நெய்யாற்றின்கரைக்குப் போகவிடாமல் நிறுத்திவிட்டாளாம். "ஸ்டீபன் அண்ணனுக்கு ஜெபத்துல மாறிச்சு, உனக்கு மட்டும் பேச ஆளு வேணுமோ?" என்று கேட்டாளாம். பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறதாம், சாப்பாடும் வேண்டாம் என்கிறதாம். ஷீலா இதை நல்ல செய்தியாகத்தான் சொன்னாள். என் சாட்சி பலன் தந்திருக்கிறதாம்.

அந்தப் பெண் ஏதாவது செய்துகொண்டால்? அதற்கும் ஆமென் சொல்வார்களா?

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. எல்லோரும் திரும்பிய பிறகு ஞானபாய் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் ரப்பர் ஷீட் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பிள்ளையை விடுங்க. போகட்டும்."

"எங்க?"

"நெய்யாற்றின்கரைக்கு. எனக்கு மாறினது அங்க போயி பேசினதுல ஆக்கும். போன செவ்வா போகல்ல. பின்னயும் கை நடுங்குது, பாருங்க." கையை நீட்டிக் காட்டினேன்.

கையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள். "அப்போ நீங்க சபையில சொன்னது?"

"பொய்."

"பீடத்துக்கு முன்னால நிண்ணா?"

"ஆமா."

"உங்க பேச்சைக் கேட்டுல்லா நான் எனக்க பிள்ளையைக் கொல்லாம கொன்னேன்." கையிலிருந்த ஷீட்டைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். பூட்டிய கதவு ஒன்றைத் தட்டும் சத்தம் கேட்டது. நான் கிளம்பினேன்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கிரேஸ் அக்கா வந்தாள். வீட்டுக்குள் ஏறவில்லை, குடையோடு வெளியிலேயே நின்றாள்.

"நான் பட்டினி கெடந்ததும் பொய்யாலே?"

இல்லை அக்கா, அது பொய் இல்லை. இதை இப்போது எழுத வருகிறது. அப்போது வாயே திறக்கவில்லை. பேசப் படிக்கிறவனாம் நான்.

ஜூன் 24, செவ்வாய்

தூறல். ஷீலா சாயா தரவில்லை. நானே போட்டேன், சீனி கூடிவிட்டது. கவுன்சிலருக்குச் செய்தி போட்டேன்: வாறேன்.

பஸ் ஸ்டாப்பில் நின்றேன். கோயில்பிள்ளை வெற்றிலையைத் துப்பிவிட்டு மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தார். பஸ் வந்தது. ஏறினேன். பக்கத்து இடம் காலி. நிறையப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள், அப்படியும் காலி.

அடுத்த ஸ்டாப்பில் ஞானபாய் ஏறினாள். பின்னால் பிரின்ஸி. தலை வாரவில்லை, முகம் வீங்கியிருந்தது. காலி இடத்தைப் பார்த்து உட்காரப் போனாள். ஞானபாய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்க இரிக்காத மக்கா, அந்தப் பொய்யனுக்க பக்கத்துல."

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது எரிந்தது. கண்டக்டர் ஞானபாயிடம் போய் எங்கே என்று கேட்டார்.

"நெய்யாற்றின்கர. ரெண்டு."