மஞ்சள் நோட்டீஸ் கொடுக்காத மாதம்

ஜூன் 12, வியாழன்

விடிந்ததிலிருந்து காற்று. கொடியில் போட்ட இவரது வேட்டி எதிர்வீட்டு முருங்கையில். கம்பு வைத்து எடுத்தேன்.

பாங்க்கிலிருந்து இரண்டாவது கடிதம். இரண்டு தவணை நின்றிருக்கிறது. 30ஆம் தேதிக்குள் ஏதாவது செய்யாவிட்டால் வாராக்கடன், அப்புறம் ஏலம். இவரிடம் வாசித்துக் காட்டினேன். "ஜன்னலச் சாத்து, தூசி வருது" என்றார். அவ்வளவுதான் பதில்.

உள்ளதை உள்ளபடி எழுதிப் பார்க்கிறேன்:

சின்னமனூர் ரோட்டில், கல்லூரிக்கு எதிரே, நான்கு வீடு.
பாங்க் கடன் பாக்கி 28 லட்சம்.
மதிப்புப் போட வந்தவர் சொன்ன விலை, நான்கும் சேர்த்து 20 லட்சம். கல்லூரி மூடி இரண்டு வருடம். எதிரே புல், உள்ளே மாடு.
மாதத் தவணை 38,000. என் பென்ஷன் 36,000. இவருக்குப் பென்ஷன் இல்லை.
வாடகை வரவு: 0.

கடைசி வரியைப் பார்த்தால் எவரும் சிரிப்பார்கள். நாலாம் வீடு காலி. மற்ற மூன்றும் ஒத்திக்கு. குடிவந்தவர்களிடம் ஆளுக்கு இரண்டரை லட்சம் மொத்தமாக வாங்கினோம். அவர்கள் வாடகை தர வேண்டாம். காலி செய்யும்போது அதே இரண்டரை லட்சத்தை நாங்கள் திருப்பித் தர வேண்டும். ஊரில் எல்லோரும் செய்வதுதான். முதல் வீட்டு ஒத்தியில் இரண்டாம் வீட்டுக்குக் கூரை, இரண்டாம் வீட்டு ஒத்தியில் மூன்றாம் வீட்டுக்குத் தளம். வட்டியில்லாப் பணம் என்று சந்தோஷப்பட்டோம். மாதத் தவணைக்கு மாத வரவு வேண்டாமா என்று யோசிக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சர் நான்.

பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

இருவரும் உத்தமபாளையம் போனோம். கோர்ட்டுக்குப் பக்கத்தில் வக்கீல் ரஹ்மத்துல்லா அலுவலகம். மின்விசிறி சத்தம். நிதானமான மனிதர், பாதி நரைத்த தாடி.

அவர் சொன்னதன் சுருக்கம்: ஐ.பி. போடலாம். அதாவது திவால் மனு, ஊர்ப்பேச்சில் மஞ்சள் நோட்டீஸ். வீடுகளை பாங்க் எடுத்து விற்றுக்கொள்ளும். மீதி எட்டு லட்சம் மனுவோடு நின்றுவிடும், நாங்கள் கட்ட வேண்டியதில்லை. பென்ஷனை எவரும் தொட முடியாது. இவர் உடனே, "அதையே செய்யலாம் சார், போதும்" என்றார். இவர் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு தெளிவு. எனக்கும் தோளில் இருந்த மூட்டையை இறக்கிய மாதிரி.

கடன்காரர் பட்டியல் எழுத ஒரு தாள் தந்தார். பாங்க் பெயரை எழுதி, கோடு போட்டு முடித்துவிட்டேன். வக்கீல் எட்டிப் பார்த்தார்.

"ஒத்திக்காரங்க மூணு பேரு எங்க டீச்சர்?"

"அவங்க குடியிருக்கவங்கதானே?"

"திருப்பிக் கொடுக்கணும்ல? அப்ப அதுவும் கடன்தான். பேரு, தகப்பனார் பேரு, விலாசம், தொகை. எல்லாம் வேணும்."

பேனா நின்றுவிட்டது. ஏழரை லட்சம். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அதைக் கழித்தல் பக்கத்தில் எழுதியதில்லை. ஒரு பிள்ளை இப்படிச் செய்திருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன்.

அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். வக்கீல் கையை விரித்தார். வீட்டின் மேல் முதல் உரிமை பாங்க்குக்கு, அதற்கே போதவில்லை.

பஸ்ஸில் திரும்பினோம். முதல் போகத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டார்கள், வயலெல்லாம் தொளி, நடவுக்கு உழுத சேறு. அழகாக இருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

ஜூன் 15, ஞாயிறு

பெயர், தகப்பனார் பெயர் கேட்கப் போனேன். இவர் வரவில்லை. எதற்கு என்று சொல்லாமல் கேட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். முடியவில்லை. மூன்று குடும்பத்தையும் காலி வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்தேன்.

முதல் வீடு பாண்டியம்மா. ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஜீப்பில் கூட்டிப்போகும் கங்காணி. இரண்டாம் வீடு ஆட்டோ முருகேசன். மூன்றாம் வீடு சுமதி, தையல்.

ஒரு உதாரணம் சொன்னேன். "ஒரு விசேஷ வீடு. சோறு இருபது பேருக்குத்தான் இருக்கு. முதல் பந்தியில பாங்க்குக்காரங்க இருபத்தெட்டுப் பேரு உக்காந்துட்டாங்க. நீங்க ரெண்டாம் பந்தி. உங்களுக்கு எதுவும் மிஞ்சாது."

சுமதி குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டாள். முருகேசன் எழுந்துவிட்டார்.

"சோறு இல்லன்னு தெரிஞ்சும் எங்ககிட்ட மொய்ய மட்டும் முதல்லயே வாங்கிட்டீகளே டீச்சர்."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் மகளுக்குத் தையில் கல்யாணம், அந்த இரண்டரை லட்சத்தை நம்பித்தான் நாள் குறித்திருக்கிறார் என்பது சுமதி சொல்லித்தான் தெரிந்தது.

பெயர் எழுதாமலேயே திரும்பினேன். இரவுச் சாப்பாடு உப்புமா.

ஜூன் 16, திங்கள்

பாண்டியம்மா வீடு தேடி வந்தார், தோட்டத்திலிருந்து நேராக. சேலையில் ஏலக்காய் வாசனை. காபி வேண்டாம், தண்ணீர் போதும் என்றார். வழக்கம்போல மலையாளம் கலந்த பேச்சு.

"கோர்ட்டுல எனக்கு எம்புட்டுக் கிட்டும்?"

"எதுவும் கிடைக்காது, பாண்டியம்மா."

"அப்ப நான் எதுக்குக் கோர்ட்டுக்குப் போகணும்? எங்காசு அந்த வீட்டுக்குள்ளதான இருக்கு. நான் அங்கனயே இருந்து கொஞ்சங் கொஞ்சமாத் தின்னு தீத்துட்டுப் போறேன். நீங்க ஒண்ணும் திருப்பித் தர வேணாம்."

இப்படி ஒரு வழி வக்கீலுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தாளை எடுத்தேன். வாடகை 5,000 என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் ஒத்தியில் கழித்தால் ஐம்பது மாதம், ஆனால் என் கையில் காசு வராது, தவணை கட்ட முடியாது. பாதி கழிவு, பாதி ரொக்கம் என்றால்? மாதம் 2,500 ஒத்தியில் கழியும், 2,500 கையில் வரும். இரண்டரை லட்சம் தீர நூறு மாதம். நூறு மாதமும் அவர்களை எவரும் கிளப்ப முடியாதபடி பத்திரம்.

பாண்டியம்மா விரல் விட்டு எண்ணினார். எட்டு வருசம், அதுக்கு மேல நாலு மாசம். சரியாகவே சொன்னார். "இதுவரைக்கும் சும்மா இருந்தேன், இனி ரெண்டாயிரத்து ஐநூறு. நஷ்டந்தான். மொத்தமும் போறதுக்கு இது பரவால்ல."

போகும்போது வாசலில் நின்று இன்னொன்று. அவருடைய ஜீப் விடியும் முன்பே கல்லூரி வாசலில் இருந்துதான் கிளம்புகிறது. எட்டுப் பெண்கள் அடிவார ஊர்களிலிருந்து மூன்று மணிக்கே எழுந்து நடந்து வருகிறார்கள். அந்தக் காலி வீட்டைக் கொடுத்தால் திங்கள் முதல் சனி வரை அங்கேயே தங்கிக்கொள்வார்கள். ஆளுக்கு 900.

எட்டு ஒன்பது எழுபத்திரண்டு. 7,200. கல்லூரி நன்றாக நடந்தபோதுகூட அந்த வீட்டுக்கு இவ்வளவு வந்ததில்லை.

இவர் உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து, "அந்த வீட்டுக் குழாயில வாஷர் போயிருச்சு" என்றார். ஜன்னலைச் சாத்து என்பதற்கு அடுத்து இந்த விஷயத்தில் இவர் என்னிடம் பேசிய இரண்டாவது வாக்கியம்.

ஜூன் 18, புதன்

பாங்க். மேனேஜர் கேரளத்துக்காரர், வயது முப்பதுக்குள். பாதி கழிவு, பாதி ரொக்கம் என்று எழுதிய தாளைக் காட்டினேன். எட்டு லட்சம் பள்ளம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான்: "சார், ஒரு பிள்ளை முப்பத்தஞ்சு வாங்கினா பாஸ். இருபத்தஞ்சுதான் வாங்கியிருக்கா. இன்னைக்கே பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பினா உங்க கணக்குல அவ ஃபெயில். இன்னும் கொஞ்ச காலம் உக்கார வெச்சா பாஸ் பண்ணுவா. உங்களுக்கு எது வேணும்?"

சிரித்துவிட்டார். ஏலம் போட்டால் இருபதுகூட வராது என்று அவருக்கே தெரியும். பாக்கி இருக்கும் ஒன்பது வருடத்தைப் பதினான்காக நீட்டலாம், தவணை 29,800 ஆகும் என்றார். மூன்று நிபந்தனை: நின்ற தவணையில் ஒன்றை 30க்குள் கட்ட வேண்டும், மற்றதைக் கடனோடு சேர்த்துவிடுவார்கள். மாத வரவுக்குப் பத்திரம் வேண்டும். மூன்று ஒத்திக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் குறைந்தாலும் நடக்காது.

கேட்டார்: "பதினாலு வருஷம் கழிஞ்சா எழுபத்தஞ்சு வயசாகும். இருப்பீங்கல்ல டீச்சர்?"

"இருக்கணும்னு நீங்களே எழுதிக் கொடுக்கறீங்களே."

ஜூன் 20, வெள்ளி

தேனி மார்க்கெட். தக்காளி 2 கிலோ, சின்ன வெங்காயம், கருவாடு. எனக்குப் பின்னால் இரண்டு பேர்: "டீச்சர் மஞ்ச நோட்டீஸ் குடுக்கப் போறாகளாம்." "அவுகளுக்கென்ன, பென்சன் வருது. குடியிருக்கவுக கதிதான்." திரும்பிப் பார்க்கவில்லை. வெங்காயம் பொறுக்கினேன். சொன்னதில் தப்பில்லை.

சுமதி கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவள் கணவர் திருப்பூரிலிருந்து போனில் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாம் தடவையும் வாசித்தேன். வாசிப்பதில் எனக்குச் சலிப்பே கிடையாது.

இவர் நாலாம் வீட்டில். வாஷர் மாற்றி, சுண்ணாம்பு அடித்து, துணி மாட்ட எட்டு ஆணிப்பலகை செய்திருக்கிறார், ஆளுக்கொன்று. மூக்கில் சுண்ணாம்போடு வந்தார். நான் சொல்லவில்லை. அப்படியே சாப்பிட்டார்.

ஜூன் 23, திங்கள்

முருகேசன் மாட்டேன் என்றுவிட்டார். நூறு மாதக் கணக்கை இரண்டு விதமாக விளக்கினேன். "கணக்கெல்லாம் நல்லாத்தான் சொல்லுறீக. அன்னைக்குப் பணம் வாங்கும்போதும் நல்லாத்தான் சொன்னீக." கதவைச் சாத்தவில்லை, உள்ளே போய்விட்டார். அது இன்னும் மோசம்.

இன்னும் ஏழு நாள்.

ஜூன் 26, வியாழன்

சாரல். ஆட்டோ ஸ்டாண்டில் முருகேசன் முறை வரும்வரை நின்றேன், முன்னால் இருந்த மூன்று ஆட்டோவை விட்டுவிட்டு. ஏறி உட்கார்ந்து, சின்னமனூர் என்றேன். அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை.

பாதித் தூரம் போனதும், கல்யாணச் செலவில் எது எப்போது தர வேண்டும் என்று கேட்டேன். பத்து நாளாக என் கணக்கையே அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய கணக்கை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வண்டியை ஓரம் கட்டினார். முன்னால் பார்த்தபடியே சொன்னார். நகை ஏற்கெனவே எடுத்தாயிற்று. மண்டபம் மைத்துனர் பொறுப்பு. மாப்பிள்ளை வீட்டில் எதுவும் கேட்கவில்லை. சமையலுக்கும் துணிக்கும்தான் துண்டு விழுகிறது. ஐம்பதாயிரம்.

"ரெண்டரை லட்சம் இல்லையா?"

"ரெண்டரை வந்தா ரெண்டரையும் செலவாகும் டீச்சர். அதுக்காக ஐம்பதுக்குக் கல்யாணம் நடக்காதுன்னு இருக்கா?"

வண்டிக்குள்ளேயே பையிலிருந்து தாளை எடுத்தேன். பென்ஷனும் நான்கு வீட்டு வரவும் சேர்த்து 50,700, புதுத் தவணை போக எங்கள் கையில் மாதம் 20,900 நிற்கும். ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை மாதம் 8,500 ஒதுக்கினால் 51,000. தைக்கு ஐம்பதாயிரம் ரொக்கம். அவர் ஒத்தி இரண்டு லட்சம் ஆகும், நூறு மாதம் எண்பது ஆகும். அதைப் பத்திரத்திலும் எழுதுகிறேன் என்றேன்.

"எழுதுங்க. வாய்ச்சொல்லு வேணாம்."

எழுதினேன். ஹேண்டில்பார் மேலே வைத்துக் கையெழுத்துப் போட்டார். இறங்கும்போது நூற்றெண்பது ரூபாய் வாடகை கேட்டார். கொடுத்தேன். அவரே திரும்பவும் கூட்டிவந்தார், அதற்கும் நூற்றெண்பது. இன்றைக்கு இந்த ஊரில் என்னைவிடச் சந்தோஷமாகப் பணம் கொடுத்தவர் இருக்க மாட்டார்.

ஜூன் 30, திங்கள்

எட்டுப் பெண்களின் மூன்று மாத முன்பணம் 21,600. காலையில் பென்ஷன் விழுந்தது, அதிலிருந்து 16,400. கூட்டினால் 38,000, ஒரு ரூபாய் கூடவுமில்லை குறையவுமில்லை. இவர் வங்கிச் சீட்டை நிரப்பினார்.

மேனேஜர் மூன்று பத்திரத்தையும் வரி வரியாகப் பார்த்தார். முருகேசன் பத்திரத்தில் கையால் எழுதிச் சேர்த்திருந்ததைக் காட்டி என்ன இது என்றார். கல்யாணச் சமையல் என்றேன். முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் வக்கீலுக்குப் போன். மனு தேவையில்லை என்றேன். எப்படி என்றார். சொன்னேன். "டீச்சர், அந்தப் பாண்டியம்மா படிச்சவங்களா?" என்று கேட்டார். நாலாம் வகுப்பு என்றேன். பத்திரத்தின் நகல் ஒன்று கேட்டிருக்கிறார், இதே கல்லூரி ரோட்டில் வீடு கட்டிய இரண்டு பேர் அவரிடம் மனுப் போட வந்திருக்கிறார்களாம்.

ஜூலை 1, செவ்வாய்

எட்டுப் பெண்கள் குடிவந்தார்கள், முன்பணம் போக ஜூலை வாடகையோடு. எட்டு டிரங்குப் பெட்டி, ஒரு கிரைண்டர், ஒரு டி.வி. ஆணிப்பலகைக்குச் சண்டை, ஜன்னல் பக்கம் யாருக்கு என்று. இவர் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்கிறார். பாண்டியம்மா, "ஏய், சாரு பேச்சக் கேளுங்கடி" என்று அதட்டுகிறார்.

நான்கு வீட்டிலும் விளக்கு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன்.

ஜூலை 5, சனி

காலை 9.10க்கு பாங்க்கிலிருந்து மெசேஜ். தவணை ரூ. 29,800 எடுக்கப்பட்டது. இருப்பு ரூ. 4,500. நூற்று அறுபத்தெட்டில் ஒன்று முடிந்தது.

வாசலில் மீன்காரர். வைகை அணைக் கெண்டை. விலை கேட்டேன், பேரம் பேசினேன், பத்து ரூபாய் குறைத்தார். இவர், அரைக் கிலோ போதுமே என்றார்.

ஒன்றரை கிலோ போடச் சொன்னேன்.