உள்ளங்கால் கூச்சம்

மார்ச் 4, திங்கள்

அன்புள்ள அண்ணி,

போனை எடுத்தால் பேச்சு வருவதில்லை, அழுகைதான் வருகிறது. அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். உங்கள் தம்பி பெயிண்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து இன்றோடு நான்கு நாள். மூளைச்சாவு என்கிறார் டாக்டர். மூச்சு விடவைக்கும் மிஷினை நிறுத்த என்னிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

நெஞ்சு ஏறி இறங்குகிறது. உடம்பு வெதுவெதுப்பாக இருக்கிறது. தாடி வளர்கிறது, காலையில் நான்தான் சவரம் செய்துவிட்டேன். கால் நகத்துப் பெயிண்டைத் துடைக்கும்போது உள்ளங்காலில் கை பட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அவர் கூச்சம் உங்களுக்குத் தெரியாததா?

இதே மாதிரி வார்டில் பதினொரு வருஷமாக நர்ஸாக இருக்கிறீர்கள். நீங்கள் சொல்லாமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

உங்கள் தம்பி பெண்டாட்டி


மார்ச் 5

என் தம்பி பெண்டாட்டிக்கு,

காலை இழுத்தானா? அப்படியென்றால் இருக்கிறான். சின்ன வயதில் அவனை எழுப்ப நான் உள்ளங்காலைத்தான் சுரண்டுவேன். சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்தே விழுவான், கழுதை.

கையெழுத்துப் போடாதே. லீவு கேட்டிருக்கிறேன், சனிக்கிழமை வந்துவிடுவேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி


மார்ச் 7

அன்புள்ள அண்ணி,

நேற்று என் கண்ணெதிரே மிஷினைக் கழற்றிப் பார்த்தார்கள். பத்து நிமிடம். நெஞ்சு அசையவில்லை. கூடவே நானும் மூச்சைப் பிடித்தேன். ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

கால் இழுத்ததைச் சொன்னேன். "அது முதுகுத்தண்டு செய்ற வேலைம்மா, அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் இங்குள்ள நர்ஸ். நம்பாமல் மறுபடி தேய்த்தேன். இழுத்தார். ஆனால் சிரிக்கவில்லை. பதிமூன்று வருஷமாக, என் கை படுவதற்கு முன்பே சிரிக்கிறவர் அண்ணி.

இது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? போகட்டும். நாளை மறுநாள் வருகிறீர்களே, அதுவரை பொறுக்கிறேன். வராந்தாவில் பக்கத்து நாற்காலியில் பையை வைத்து உங்களுக்கு இடம் பிடித்திருக்கிறேன்.


மார்ச் 8

தெரியும். எழுதும்போதே தெரியும். "மூச்சு மிஷினோடதும்மா, உங்க ஆளோடது இல்ல" என்று எத்தனையோ பேரிடம் சொன்னவள் நான். ஊருக்குத்தான் உபதேசம். என் தம்பி என்றதும் வாய் வரவில்லை.

லீவும் கேட்கவில்லை. வந்து பார்த்தால் அவன் போனது நிஜமாகிவிடும். என்னை எதிர்பார்க்காதே, கையெழுத்துப் போட்டுவிடு.

அண்ணி


மார்ச் 9, சனி

அண்ணி,

போட்டுவிட்டேன். பதினொரு மணிக்கு நிறுத்தினார்கள். கடைசிவரை உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தேய்க்கவில்லை.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும். நாற்காலியிலிருந்து பையை இன்னும் எடுக்கவில்லை.

இப்போதாவது லீவு கேளுங்கள். அவரைப் பார்க்க வேண்டாம், என்னைப் பார்க்க வாருங்கள். சாவி கையில் இருக்கிறது. தனியாகப் போய் வீட்டைத் திறக்க எனக்குத் துணிவில்லை.