வேற பேட்டரி போட்ட அப்பா போன்

கண்ணு கோகிலாவுக்கு அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் கலைமதியும் சுகம். அங்க நீ, மாப்பிள்ளை, குழந்தை எல்லாரும் ஒடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்க தீர்த்தமலையானை வேண்டிக்கிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போன்ல சொன்னா வார்த்தைக்கு வார்த்தை குறுக்க கேப்ப, பக்கத்துல உந்தங்கச்சி வேற நிப்பா, அதான் எழுதறேன்.

தொண்டை ஆபரேஷன்ல குரல் போனதுலருந்து நீ போன்ல ஏத்திக் குடுத்த ஆப்தானே உங்கப்பாவுக்கு வாய், டைப் பண்ணா அது படிச்சுச் சொல்லுது, பால் சொசைட்டியில சண்டை போடறது வரைக்கும் அதுலதான். போன மாசம் அந்த போன் முதுகுப்பக்கம் உப்பி மூடி தூக்கிக்கிச்சு. நான் அமுக்கப் போனேன், கலை கத்திக்கிட்டே கையைத் தட்டிவிட்டா. கடத்தூர்ல முத்துராஜ்னு ஒருத்தர் போன் ரிப்பேர் கடை வெச்சிருக்காரு, அவருகிட்ட எடுத்துட்டுப் போனோம். பேட்டரி வீங்கியிருக்குங்க, இந்த மாடலுக்கு இப்ப வர்றதில்லைங்க, புது போன் வாங்கிக்கங்கன்னாரு. ங்கப்பா முடியவே முடியாதுன்னு தலையாட்டிட்டாரு. அடிக்கடி சொல்ற பேச்செல்லாம் அதுல சேத்து வெச்சிருக்காரு, அந்தக் குரலும் பழகிப்போச்சாம். அப்புறம் முத்துராஜ், அளவும் வோல்ட்டும் ஒத்துவர்ற வேற கம்பெனி பேட்டரி செல் ஒண்ணு எடுத்து, பழைய பேட்டரியோட சின்ன போர்டை அதுல ஈயம் வெச்சுப் பத்தவெச்சு மாட்டிக் குடுத்தாரு. சார்ஜ் எவ்வளவு இருக்குதுன்னு சரியா காட்டாதுங்க, சூடானா உடனே கொண்டாந்துடுங்கன்னும் சொன்னாரு. சூடெல்லாம் ஒண்ணும் இல்ல, ஆனா பாதி இருக்குதுன்னு காட்டும்போதே பொசுக்குனு அணைஞ்சிடுது.

இப்படி இருக்கறப்பதான் கம்பைநல்லூர்லருந்து கலையைப் பொண்ணு பாக்க வந்தாங்க. பையன் பேரு குரு, அவங்கம்மா, தாய்மாமன் கோவிந்தன். எல்லாம் நல்லாத்தான் போச்சு. காப்பி குடுக்கறப்ப கோவிந்தன், கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு லேப் வேலைக்குப் போவுமாங்கன்னு கேட்டாரு. ங்கப்பா டைப் பண்ணி அழுத்துனாரு. கலை வேலைக்குப் போறதைன்னு அந்தக் குரல் ஆரம்பிச்சுது, அதோட போன் அணைஞ்சுபோச்சு. கோவிந்தன் சிரிச்சுக்கிட்டே, நிறுத்திடறேன்னு சொல்றாருங்க, நல்லதுங்க, எங்களுக்கும் அதான் பிடிக்கும்னுட்டாரு. ங்கப்பா கையை ஆட்டறாரு, வாயை அசைக்கறாரு, யாருக்கும் புரியல. கலை உள்ளருந்து வந்து, நிறுத்த மாட்டேன்னு சொல்றாருங்க அப்பான்னா. அது உன் ஆசைம்மா, அவரு சொல்லலியேன்னாரு கோவிந்தன். நான் நோட்டு எடுத்து நீட்டுனேன், அப்பா தள்ளி விட்டுட்டாரு. எழுதிக் காட்டுனா ஒருத்தர்தான் படிக்க முடியும், எல்லாருக்கும் கேக்கணும்னு அவருக்கு. கண்ணுல தண்ணி நிக்குது அவருக்கு.

அப்ப அந்தப் பையன் குரு எந்திரிச்சு, சார்ஜர் எங்கங்கன்னு கேட்டு வாங்கி அவனே மாட்டுனான். அவங்கப்பா சொல்லி முடிக்கட்டும், நாம இருப்போம்னு சொல்லிட்டு உக்காந்துட்டான். காப்பியெல்லாம் ஆறிப்போச்சு. போன் எந்திரிச்சதும் ங்கப்பா சார்ஜர் வயரோடயே குனிஞ்சு டைப் பண்ணாரு. கலை வேலைக்குப் போறதை நான் தடுக்க மாட்டேன், நீங்களும் தடுக்கக்கூடாது, அதுக்கு ஆகாதுன்னா காப்பியைக் குடிச்சுட்டுக் கிளம்புங்கன்னு அந்தக் குரல் கூடத்துல கணீர்னு சொல்லுச்சு. கோவிந்தன் மூஞ்சி சுருங்கிப்போச்சு. குருவோட அம்மா டம்ளரைக் கீழ வெச்சுட்டு, எத்தனையோ வூட்டுல பொண்ணு பாத்துட்டோம், இத்தனை தெளிவா பேசுன ஆளை இங்கதான் பாத்தோம்னாங்க. அதைக் கேட்டதும் ங்கப்பா துண்டால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டாரு.

மறுநாளே சம்மதம்னு சொல்லி விட்டுட்டாங்க. கலை, குருகிட்ட தனியா பேசிட்டுத்தான் சொல்லுவேன்னுட்டா. ஞாயித்துக்கெழமை வர்றான், பேசிக்கட்டும். நீ அவளைக் கூப்பிட்டு அவசரப்படுத்தாத.

குழந்தைக்குச் சளின்னா ஐஸ் குடுக்காத. வேலை வேலைன்னு நேரத்துக்குத் திங்காம இருக்காத. போன் மாடல் நம்பர் கவர் பின்னாடி எழுதியிருக்கேன், அங்க பூனாவுல அசல் பேட்டரி கெடைக்குதான்னு மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல்லு, மறந்துடாத. மூணு பேரும் நீண்ட ஆயுசோட, நெறஞ்ச வூடா இருக்கணும் சாமி.

இப்படிக்கு
உன் அம்மா காவேரி