துவைக்கிற கல்லடியில் மூக்கிரட்டை

அக்கா,

உங்கள் மகன் கழற்றிப் போட்ட சட்டையை வாளியில் முக்கப் போனேன். களைக்கொல்லி நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. வந்த எரிச்சலில் சட்டையை அப்படியே போட்டுவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். வேறு யாரிடம் சொல்ல? ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்த நாம், புருஷன்மாரிடம் பேசியதைவிட நமக்குள் பேசிக்கொண்டதுதான் அதிகம்.

நம் வாழைக்கொல்லையை இப்போது பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. பூவன், மொந்தன், ரஸ்தாளி என்று கலந்து நின்ற இடத்தில் ஒரே ரகம், ஒரே உயரம். வியாபாரிக்கு எல்லாத் தாரையும் ஒன்றாக வெட்ட வேண்டுமாம். கீழே தரை மொட்டையாகக் கிடக்கிறது. "எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க சித்தி" என்கிறான். சுத்தமாம். பொன்னாங்கண்ணியும் கீழாநெல்லியும் அவனுக்கு அழுக்கு.

களையெடுப்பு நாள் ஞாபகம் இருக்கிறதா? பிடுங்கியதில் கீரையெல்லாம் களையெடுக்க வந்தவர்களுக்கு என்பது நம் கொல்லை வழக்கம். "இதுங்க எல்லாம் உரத்தைத் தின்னுடுதுக்கா" என்று நான் முணுமுணுத்தால் நீங்கள் நிமிராமலே சொல்வீர்கள்: "வாழைக்கு மட்டுமா பட்டா போட்டுக் குடுத்திருக்கு? அதுவும் இருந்துட்டுப் போவட்டும் விடு." இப்போது சருகு அறுக்கக் கூப்பிட்டால்கூட, அன்று களையெடுக்க வந்த செல்வி வருவதில்லை. "கூலி எங்க போனாலும் கெடைக்கும்மா. மடி நெறயக் கீரை குடுப்பீங்களே, அது இப்ப இருக்கா?" என்று கேட்கிறாள்.

நாளை உங்கள் திதி. உங்களுக்குப் பிடித்த மூக்கிரட்டைக் கீரைக் கூட்டு படைக்கலாம் என்று காலையிலிருந்து கொல்லை முழுக்கக் குனிந்து தேடினேன். ஒரு தழை இல்லை. தஞ்சாவூர் மார்க்கெட்டுக்குப் போய்த் தேடிய உங்கள் மகன் ஒரு கட்டுச் சிறுகீரையோடு வந்து நின்றான். "இதுவும் கீரைதானே சித்தி." அறையலாம் போல வந்தது. காலடியில் சும்மா கிடந்ததை மருந்தடித்துக் கொன்றுவிட்டு, பெட்ரோல் போட்டுக்கொண்டு போய்த் தேடுகிறான்.

இவ்வளவும் எழுதிவிட்டு, சட்டையைத் துவைத்துத் தொலைக்கலாம் என்று போனேன். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், நாம் துவைக்கும் கல்லின் அடியில், நான் குனிந்தே பார்க்காத பக்கம், மூக்கிரட்டை படர்ந்திருக்கிறது அக்கா! சோப்புத் தண்ணீரைக் குடித்தே பிழைத்திருக்கிறது. குண்டூசித் தலை அளவில் பூவும் விட்டிருக்கிறது. ஒரு கூட்டுக்குப் போதும். பறிக்கக் கை போனது. பறிக்கவில்லை.

நனைக்காத சட்டையைக் கொண்டுபோய் உங்கள் மகனிடம் நீட்டினேன். "இனிமே இதை நீயே வேற எங்கயாவது அலசிக்க. அந்தக் கல்லுப் பக்கம் மருந்து டேங்கும் வரக் கூடாது, நீயும் வரக் கூடாது."

"அங்க அப்படி என்ன சித்தி இருக்கு?"

"உங்கம்மா சொத்து."

நாளைக்கு உங்கள் இலையில் சிறுகீரைதான் அக்கா. கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்லடியில் இருப்பது விதை விடட்டும்.