லிஃப்ட்டுக்குக் கை தூக்குகிறவர்கள்

ஜனவரி 9
கட்டடத்துச் சொந்தக்காரர் தளத்துக்கு ஒரு வீடாக ஐந்தையும் எங்களுக்கே விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். இனிமேல் சங்கம், கூட்டம், வீட்டுக்கு ஒரு ஓட்டு. வருடக்கணக்காக வகுப்பில் முடியாட்சி, மக்களாட்சி என்று ஒப்பிட்டுப் பாடம் நடத்துகிறவன் நான். இப்போது பாடத்துக்குள்ளேயே குடியிருக்கிறேன்.
அந்த மனிதர் யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. துணி காயப்போடக்கூட மொட்டைமாடியைத் திறந்துவிட மாட்டார். ஆனால் லிஃப்ட் நின்றால் அன்று மாலையே ஓடும். அவர் இருந்தது மூன்றாம் மாடி, அவருக்கு மூட்டுவலி.

பிப்ரவரி 2
லிஃப்ட் நின்றுவிட்டது. இடுப்பு ஆபரேஷன் முடிந்து என் மனைவியை நேற்றுத்தான் நாலாம் மாடிக்குக் கூட்டிவந்தேன். படியே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 11
முதல் கூட்டம். கீழ்வீட்டுத் தையல்காரர் மரியாதையாகத்தான் கேட்டார். "சார், நான் ஏறாத லிஃப்ட்டுக்கு நான் ஏன் பணம் குடுக்கணும்?"
பொதுச்சொத்து, சிறுபான்மை உரிமை என்று விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கை தூக்கியது அவருடைய மூன்றாம் மாடியை வாங்கியவரும் நானும் மட்டும். முறையாகத்தான் தோற்றேன்.

மார்ச் 6
இவளுக்கு ஜன்னலே கதி. இன்று பொரிந்து தள்ளிவிட்டாள். "உங்க மக்களாட்சி என்னை வீட்டுக்காவல்ல வச்சிருக்கு. அந்த ஆளு இருந்தப்ப கடை கண்ணிக்காவது போய்ட்டு வந்தேன்."
"அவரோட மூட்டுவலி உன்னைக் கூட்டிட்டுப் போச்சு. அவருக்கு வலி இல்லாம இருந்திருந்தா?"
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாதத்தில் ஜெயித்தேன் — ஜெயித்து என்ன கிழித்தேன்? சாயங்காலம் முழுக்க எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 20
தையல்காரர் மேலே வந்தார். "அக்கா ஜன்னல்லயே நிக்கிறாங்க, பாக்க கஷ்டமா இருக்கு சார். பத்திரம் அப்படியே இருக்கட்டும், குடியிருக்கிறத மட்டும் மாத்திக்குவோம். மேல வெளிச்சமும் இருக்கு, எனக்கு ஊசி கோக்க ஆகும்."
எனக்கு எதிராக ஓட்டுப் போட்டவர். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 28
குடிமாறியாயிற்று. இவளை நாற்காலியில் உட்காரவைத்து நானும் தையல்காரருமாகப் படிவழியே இறக்கினோம். இவள் கைத்தடியோடு தெருமுனைவரை போய்வந்தாள். அழுகை வந்துவிட்டது எனக்கு.

மே 19
கீழ்வீடு குளுமை. நன்றாகத் தூக்கம் வருகிறது.

ஜூலை 7
மறுபடி கூட்டம், மறுபடி லிஃப்ட். இந்தத் தடவை எழுந்தவர் தையல்காரர். துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி முழங்கால் விட்டுப்போயிற்றாம். பொதுச்சொத்து, சிறுபான்மை உரிமை — எல்லாம் நான் சொன்னதுதான், என்னைவிட நன்றாகச் சொன்னார். தலையாட்டினேன்.
அவரும் மூன்றாம் மாடியும் கை தூக்கினார்கள். இன்னும் ஒரு கை இருந்தால் போதும். பழுதுபார்க்க எவ்வளவு ஆகும், அதில் என் பங்கு எவ்வளவு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எண்ணி முடித்துவிட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.
இவள் நடை முடிந்து வந்து செருப்பைக் கழற்றினாள். "லிஃப்ட் என்னாச்சு?"
"பெரும்பான்மை கிடைக்கல."
"நீங்க?"
படியில் யாரோ மூட்டையோடு ஏறும் சத்தம் கேட்டது. இரண்டாம் மாடியில் நின்று, கொஞ்சம் பொறுத்து மறுபடி ஏறியது. அது அடங்கும்வரை இவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.