அக்காவுக்குக் கட்டம் இல்லை

மார்ச் 3, செவ்வாய்

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் எனக்கு இது ஏழாவது வருடம். இன்று ஒரு மனு தயார் செய்தேன். ஒரு பெண்ணுக்கு இந்த வாரம் பிரசவம். பிறந்ததும் குழந்தையை எடுத்துவிட வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன் அவள் குடித்துக்கொண்டிருந்தபோது மூத்ததை எடுத்தோம். இப்போது குடிப்பதில்லையாம். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ‘முயன்று பார்த்த மாற்று வழிகள்’ என்ற கட்டத்தில் வழக்கம்போல் ‘பொருந்தாது’ என்று போட்டேன். மேலாளர் படிக்காமலே கையெழுத்திட்டார். நல்ல மனிதர்.

மார்ச் 5, வியாழன்

பையன். பிறந்த இரண்டு மணி நேரத்தில் எடுத்துக்கொண்டுபோய், அலுவலகம் ஏற்பாடு செய்திருந்த வளர்ப்புத்தாயிடம் விட்டேன். பெற்றவள் ஊரைக் கூட்டுவாள் என்று பயந்து போலீஸ்காரர் ஒருவரைக் கூட்டிப் போயிருந்தேன். அவருக்கு வேலையே இல்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றாள். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய அக்கா வழிமறித்தாள். "நான் அவகூடவே தங்கிப் பாத்துக்கறேன். எழுதிக்கோங்க மேடம்."

எதில் எழுதுவது? படிவத்தில் அக்காவுக்குக் கட்டம் இல்லை.

மார்ச் 8

ஏன் சாப்பிடவில்லை என்று கணவர் கேட்டார். பசிக்கல. சொன்ன வேலையத்தானே செஞ்சேன்? அப்புறம் ஏன் — போதும்.

மார்ச் 16, திங்கள்

நீதிமன்றம். நீதிபதி அம்மா மனுவை முழுதாகப் படித்திருந்தார். இந்த வழக்கில் அதைச் செய்த முதல் ஆள் அவர்தான்.

"பொருந்தாதுன்னா என்ன அர்த்தம்?"

என் பிரதியில் அந்தக் கட்டத்தைத் தேடினேன்.

"பிறந்த குழந்தையைத் தாய்கிட்டேருந்து பிரிக்கறது கடைசி வழி. அதுக்கு முன்னாடி என்னென்ன செஞ்சு பாத்தீங்க? அதோ வந்து நிக்கறாங்களே, அந்த அக்காகிட்ட பேசினீங்களா?"

மேலாளர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், ஆமாம் என்று சொல்லச் சொல்லி.

"இல்லைங்கம்மா. யார்கிட்டயும் பேசல. இப்பவும் குடிக்கறாளான்னு ஒரு பரிசோதனைகூட கேக்கல."

மேலாளர் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

மார்ச் 17

உத்தரவு: குழந்தை தாயிடம். அக்கா கூடவே தங்க வேண்டும். வாரம் இரண்டு முறை நான் போய்ப் பார்க்க வேண்டும். இதைப் பன்னிரண்டு நாளுக்கு முன்பே செய்திருக்கலாம். வெட்கமாக இருக்கிறது. மேலாளர் என்னோடு பேசுவதில்லை, அது ஒரு நிம்மதி.

மார்ச் 18, புதன்

பையனைத் தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீறிட்டு அழுதான். தோளில் போட்டுப் பார்த்தாள், மடியில் போட்டுப் பார்த்தாள், நிற்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல் கேட்டாள்.

"இவன் அழுதா எப்படி மேடம் சமாதானம் பண்ணணும்?"

எனக்குத் தெரியாது. பெற்றவளுக்கு வளர்ப்புத்தாயின் போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.