வெயிலில் வைத்த தண்ணீர்

ஆரணி,
9.6.2024

அன்புள்ள ஸ்வர்ணலதா அக்காவுக்கு,

எதிர் வீட்டுக் கமலக்கண்ணன் எழுதுகிறேன். புனேயில் கிருமி ஆராய்ச்சி செய்யும் உங்களுக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்குமோ இருக்காதோ, எனக்கு வேறு ஆள் தெரியாது.

என் மகள் நிலா போன வருஷம் மே மாதம் இறந்துபோனாள். வயிற்றுப்போக்கு, மூன்றே நாள். ஐந்து வயது. வீட்டுக் கேன் தண்ணீரைச் சோதித்துவிட்டுக் கிருமி இருக்கிறது என்றார்கள். தெருவுக்குப் பொதுவாக ஒரு சுத்திகரிப்பு மெஷின் வைத்திருக்கிறோம். புற ஊதா விளக்கைக் காட்டிக் கிருமியைக் கொல்லுமே, அது. வாரத்துக்கு ஒரு வீட்டு முறை. அந்த வாரம் என் முறை. விடிந்ததும் முதல் கேனை எங்கள் வீட்டுக்குப் பிடித்து வைத்துவிட்டு, தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்ட ஓடினேன். அவசரத்தில் விளக்கைப் போடாமலே பிடித்துவிட்டேன் என்கிறாள் சாவித்திரி. மற்ற வீடுகளில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கிறாள். என்னைப் பிரிந்து போளூரில் தாய் வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது.

அக்கா, விளக்கு எரிந்தது. என் கண்ணால் பார்த்தேன். எரிந்தும் கிருமி பிழைக்குமா? பிழைக்கும் என்றால் கையெழுத்துப் போட்டு எழுதித் தாருங்கள். அவளிடம் காட்டினால் வந்துவிடுவாள். போனில் கேட்டிருக்கலாம். எனக்கு அழுகை வந்துவிடும்.

இப்படிக்கு,
தம்பி கமலக்கண்ணன்

புனே,
2.7.2024

அன்புத் தம்பி கண்ணனுக்கு,

நிலா போன செய்தியை ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை. நம் தெருவின் மேல் கோபம் வருகிறது, விசாரிக்காமல் இருந்த என் மேலும்தான். இதில் எனக்கு நேரம் இருக்குமோ என்று வேறு எழுதியிருக்கிறாய். நன்றாக இருக்கிறது உன் நியாயம்!

பிழைக்கும், கண்ணா. அந்த விளக்கு எல்லாப் பாக்டீரியாவையும் உடனே கொன்றுவிடுவதில்லை. உள்ளே இருக்கும் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்த கண்ணிகளை ஒட்டவைத்துவிடுகிறது. பாவில் இழைகள் ஒட்டிக்கொண்டால் தறி ஓடாதே, அப்படித்தான். பாக்டீரியா பெருக முடியாமல் கிடக்கும். ஆனால் பல பாக்டீரியாக்களிடம் ஒரு நொதி இருக்கிறது. ஒட்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பகல் வெளிச்சத்தின் நீலம் பட்டதும், அந்த பலத்தில் ஒட்டைப் பிரித்துவிடும். பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும். விளக்கு பழசாகி வலு குறைந்திருந்தால் இன்னும் சுலபம்.

நானே செய்து பார்த்தேன். விளக்குக் காட்டிய தண்ணீரை இரண்டு பாட்டிலில் ஊற்றி, ஒன்றைக் கறுப்புத் துணியில் சுற்றினேன், மற்றதை ஜன்னல் கண்ணாடி ஓரம் வைத்தேன். மூன்று மணி நேரம் கழித்துச் சோதித்தால், துணிக்குள் இருந்ததில் கிருமி ஏறக்குறைய இல்லை. ஜன்னலில் இருந்ததில் நூற்றுக்கணக்கில். உங்கள் வீட்டில் இதுதான் நடந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. நடந்திருக்கலாம்.

உங்கள் கேன் வெயிலில் இருந்ததா? அதை நீ எழுதவில்லை. கையெழுத்துப் போட்ட தாள் இத்துடன் இருக்கிறது. சாவித்திரியிடம் காட்டு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
ஸ்வர்ணா அக்கா

ஆரணி,
21.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தாளை எடுத்துக்கொண்டு போளூர் பஸ் ஏறினேன். முதலில் படித்தபோது 'பிழைக்கும்' என்ற சொல்லைத் தாண்டி எதுவும் மனதில் ஏறவில்லை. பஸ்ஸில் மறுபடி படித்தபோதுதான் நீங்கள் கேட்டிருந்தது உறைத்தது.

கேன் வெயிலில் இருந்தது அக்கா. அன்று எட்டு மணிக்குச் சாவித்திரிதான் அதை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனாள். "வெயிலும் பட்டா மிச்சம் மீதி கிருமியும் செத்துடும்ங்க, புள்ள குடிக்கிற தண்ணி" என்றாள். நல்லதுதானே என்று நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். மதியம் கீழே இறக்கி, நிலாவுக்கு அவள்தான் ஊற்றிக் கொடுத்தாள்.

போளூரில் வாசலிலேயே கேட்டாள், "லெட்டர் வாங்கிகினு வரேன்னு போன்ல சொன்னீங்களே, எங்க?"

தாள் என் சட்டைப் பையில் இருந்தது. "அக்கா எழுதல. எழுதவும் வேணாம். வெளக்க நான் போடல சாவித்திரி, ஜல்தில மறந்துட்டேன்" என்றேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "மறந்தத கூட மன்னிச்சிருப்பேங்க. ஒரு வருசமா பொய்ய சொல்லிகினு இருந்தீங்களே" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இனி வரமாட்டாள்.

என்னைத் திட்டிக்கொண்டாவது அவள் சாப்பிடுகிறாள், தையல் வேலைக்குப் போகிறாள். தன் கையால்தான் என்று தெரிந்தால் பெற்றவள் எப்படி இருப்பாள்? எனக்கு அதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

உங்கள் தாளைக் கிழித்துவிட்டேன், மன்னியுங்கள். என்றாவது ஒருநாள் அவள் உங்களிடமே கேட்கக்கூடும். பொய் எழுத உங்களுக்குக் கை வராது என்று தெரியும். இருந்தாலும் எழுதிவிடுங்கள் அக்கா, விளக்கு எரியவில்லை என்று.

இப்படிக்கு,
கண்ணன்